ஈயம்தானே என்றேன்

எங்கள் வீட்டுச் சமையலறைக்குள் வருகிறவர்கள், "கதவெல்லாம் புதுசா போட்டீங்களா?" என்று கேட்கிறார்கள். புதுசு இல்லை, இரண்டைத் தவிர எல்லாம் 1988-இல் வீடு கட்டியபோது போட்ட அதே கதவுகள், பெயிண்ட் மட்டும்தான் புதுசு, அதுவும் நானே அடித்தது என்றால் கிட்டே போய்த் தடவிப் பார்க்கிறார்கள். என்ன பெயிண்ட், எத்தனை கோட், பிரஷ்ஷில் அடித்தீர்களா ரோலரிலா என்று வரிசையாகக் கேள்வி வரும். எல்லாவற்றுக்கும் பதில் சொல்கிறேன். ஆனால் அவர்களிடம் முதலில் சொல்ல வேண்டியது வேறு ஒன்று, பழைய பெயிண்டைத் தேய்த்தால் பறக்கிற தூளைப் பற்றி, அது நின்றபடியே ஐந்து நிமிடத்தில் சொல்லி முடிகிற விஷயம் இல்லை. சொல்லாமல் அனுப்பிவிட்டால் ராத்திரி படுக்கும்போது உறுத்துகிறது. அவர்களில் பாதிப் பேர் வீட்டில் இதே வயசுக் கதவுகள் இருக்கின்றன, சிலர் வீட்டில் தவழ்கிற குழந்தையும் இருக்கிறது. அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன்.

ஃபெஞ்சல் புயல் 2024 நவம்பர் 30 ராத்திரி புதுச்சேரிக்குப் பக்கத்தில் கரையேறி, ஏறிய இடத்திலேயே நின்றுவிட்டது. ஒரே நாளில் 48 சென்டிமீட்டர் மழை. எங்கள் வீடு புதுச்சேரியில் கிருஷ்ணா நகருக்குப் பக்கத்தில். அந்தப் பகுதி அப்போது என்ன ஆனது என்று இங்கே இருப்பவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. சமையலறையில் ஒன்றரை அடித் தண்ணீர் இரண்டு நாள் நின்றது. அடுப்பு மேடைக்குக் கீழே இருந்த ஆறு கதவுகளும் பாதி உயரத்துக்கு ஊறிக் கிடந்தன. வடிந்த பிறகு பார்த்தால் தேக்குச் சட்டங்கள் அப்படியே உறுதியாக இருந்தன, நடுவில் பதித்திருந்த பிளைவுட் பலகை அடியில் உப்பியிருந்தது, இரண்டு கதவுகளில் மட்டும் ஏடு ஏடாகப் பிரிந்து போயிருந்தது. மேல் வரிசையில் இருந்த எட்டுக் கதவுகளுக்கு ஒன்றும் ஆகவில்லை, பல வருஷத்துத் தாளிப்பு ஆவி படிந்து மங்கியிருந்தது, அவ்வளவுதான். மாடுலர் கிச்சன் போட்டுவிடலாம் என்றார் என் வீட்டுக்காரர். ஆள் வந்து அளந்து தொகையும் சொல்லிவிட்டுப் போனார்கள். எனக்கு மனசு வரவில்லை. மூன்று புயலுக்குத் தாங்கிய தேக்குச் சட்டத்தைக் கழற்றி எறிந்துவிட்டு, மரத்தூளை அழுத்திச் செய்த பலகையை, அடுத்த மழையிலேயே ஊறிவிடப் போகிற பலகையை, எதற்குக் கொண்டுவந்து வைக்க வேண்டும்? இப்போதும் அப்படித்தான் நினைக்கிறேன்.

மரம் நன்றாகக் காயட்டும் என்று மாசி முடிகிற வரை விட்டுவைத்தேன். பங்குனி பிறந்ததும் பதினாலு கதவுகளையும் கழற்றி, எது எந்த இடத்துக் கதவு என்று கீல் மறைக்கிற இடத்தில் பென்சிலால் எண் போட்டு, அந்தந்தக் கதவின் ஸ்க்ரூவையும் கீலையும் தனித்தனி மாத்திரை டப்பாவில் போட்டு வைத்தேன். பழைய கதவுகளில் இதைச் செய்யாமல் விட்டால் திரும்ப மாட்டும்போது ஒன்றும் பொருந்தாது. கையால் இழைத்துச் செய்த கதவுகள், ஒன்றைப் போல ஒன்று இருக்காது. முதல் வேலை கழுவுவது. பிசுக்குப் போகாத மரத்தில் எவ்வளவு உசந்த பெயிண்டை அடித்தாலும் ஒரு வருஷத்தில் தோல் உரிகிற மாதிரி உரிந்துவிடும். வெந்நீரில் வாஷிங் சோடா கரைத்து, துணியில் நனைத்துத் துடைத்தேன். கைப்பிடியைச் சுற்றி மட்டும் துணி பட்ட இடமெல்லாம் ரத்தம் மாதிரி சிவந்தது. ஒரு நிமிஷம் பதறித்தான் போனேன். அப்புறம் புரிந்தது, மஞ்சள். மஞ்சளோடு சுண்ணாம்பைச் சேர்த்தால் குங்குமமாகச் சிவக்கிறதே, அதே விஷயம்தான். சோடாவும் சுண்ணாம்பு மாதிரி காரம். சாம்பாருக்கும் மீனுக்கும் மஞ்சள் தொட்ட கையோடு எத்தனை ஆயிரம் தடவை அந்தக் கதவைத் திறந்திருப்போம், அத்தனையும் அங்கே படிந்திருந்தது. இரண்டு தண்ணீர் விட்டுத் துடைத்ததும் போய்விட்டது.

நாலு அடுக்கு

கழுவிக் காய்ந்த பிறகு தேய்க்க ஆரம்பித்தேன். இந்த இடத்தை நான் மெதுவாகத்தான் சொல்ல வேண்டும், ஏனென்றால் தப்பு நடந்தது இங்கேதான், நடக்கும்போது அவ்வளவு சந்தோஷமாக இருந்தேன். 80-ஆம் நம்பர் உப்புத்தாள், கட்டைத் துண்டு ஒன்றில் சுற்றிக்கொண்டு, பின்கட்டுத் தாழ்வாரத்தில் முக்காலி போட்டு உட்கார்ந்துவிட்டேன். மேலே இருந்தது கிரீம் கலர். 2011 டிசம்பர் 30 தானே புயலில் ஓடு, ஷீட்டெல்லாம் பறந்து, அடுத்த வருஷம் வீடு முழுக்கப் பெயிண்ட் அடித்தபோது கதவுக்கும் அதையே அடித்தோம். அது போனதும் பளிச்சென்று மஞ்சள். மகள் பெரியவளான விசேஷத்துக்காக அவசரமாக அடித்தது. அதற்கும் கீழே இலைப்பச்சை, என் மாமியார் இருந்தபோது அவரே கடைக்குப் போய்ப் பார்த்து வாங்கிய நிறம். எல்லாவற்றுக்கும் அடியில் சாக்லேட் பிரவுன், வீடு கட்டியபோது அடித்தது. ஒரு கதவின் மூலையில் தேய்த்துக்கொண்டே போனால் இந்த நாலும் வளையம் வளையமாக, வெட்டிய மரத்தில் தெரிகிற மாதிரி தெரிந்தது. அதைப் பார்த்துப் பார்த்து இன்னும் தேய்த்தேன். அடி மரம் வருகிற வரை விடக்கூடாது என்று ஒரு வைராக்கியம். எட்டு நாளில் ஐந்து கதவுகள் முடித்திருந்தேன். வாயில் ஒரு கைக்குட்டை கட்டியிருந்தேன், மேலே மின்விசிறி ஓடிக்கொண்டிருந்தது, சமையலறைக் கதவு திறந்தே கிடந்தது. தூள் எங்கே போகிறது என்று நான் யோசிக்கவே இல்லை. முறத்தில் படிந்தது, கொடியில் காய்ந்த துணியில் படிந்தது, ஆட்டுக்கல் குழியில் மஞ்சளும் பச்சையுமாக மெல்லிசாக ஒரு பூச்சு இருந்தது. சாயங்காலம் ஆனால் விளக்குமாற்றை எடுத்து ஒரு பெருக்குப் பெருக்குவேன். அவ்வளவுதான் சுத்தம்.

மகள் கோவையில் இருக்கிறாள், ஒரு பள்ளிக்கூடத்தில் வேதியியல் ஆசிரியை. பரீட்சை முடிந்து, பதினாலு மாதப் பேரனைத் தூக்கிக்கொண்டு ராத்திரி பஸ்ஸில் வந்து இறங்கினாள். குழந்தை வரும்போது வேலை முடிந்திருக்க வேண்டும் என்று நினைத்தேன், முடியவில்லை. வந்த மூன்றாம் நாள் காலையில் நான் ஆறாவது கதவைத் தேய்த்துக்கொண்டிருந்தேன். பேரன் தாழ்வாரத்துக் கிரில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றான், உட்கார்ந்தான், தரையில் உள்ளங்கையை வைத்துத் தேய்த்தான், நான் தேய்க்கிற மாதிரியே. எனக்குச் சிரிப்பு வந்தது. "பாரு, தாத்தாகூடச் செய்யாத வேலையை இவன் செய்யறான்" என்று மகளைக் கூப்பிட்டேன். அவள் காபி டம்ளரோடு வந்து நின்றாள். அதே நேரம் அவன் அந்தக் கையைக் கொண்டுபோய் வாயில் வைத்தான். நாலு விரலும் உள்ளே. விரல் இடுக்கில் பச்சையும் மஞ்சளுமாகத் தூள்.

"அம்மா, இது எப்ப அடிச்ச பெயிண்டு?" என்று கேட்டாள்.

"எது? மேல இருக்கறதா? தானேக்கு அப்புறம். கீழ இருக்கறதெல்லாம் அதுக்கும் முன்னாடி."

"அப்போ ஈயம் இருக்கும்மா."

நான் தேய்ப்பதை நிறுத்தவில்லை. "ஈயம்தானே. உன் பாட்டி ஈயச் சொம்புல வெச்ச ரசத்தைக் குடிச்சுத்தானே நீ வளர்ந்தே. ஒண்ணும் ஆவாது" என்றேன்.

அவள் எனக்குப் பதில் சொல்லவில்லை. டம்ளரைத் திண்ணைமேல் வைத்துவிட்டுக் குழந்தையைத் தூக்கி, குழாயடியில் கையைச் சோப்புப் போட்டுக் கழுவி, வாயை ஈரத்துணியால் துடைத்து, போட்டிருந்த சட்டையைக் கழற்றி ஒரு கவரில் போட்டு முடிச்சுப் போட்டாள். அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். கோபத்தில் கத்தியிருந்தால் நானும் ஏதாவது சொல்லியிருப்பேன். அந்தச் சத்தமில்லாத அவசரம்தான் என் கையை நிறுத்தியது. கொஞ்ச நேரம் கழித்து வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தாள். சமையலறையிலிருந்து அந்த ஈயச் சொம்பையும் எடுத்து வந்திருந்தாள். "அம்மா, இது வெள்ளீயம், டின். நீ தேய்ச்சுத் தேய்ச்சு எடுக்கறது காரீயம், லெட். ரெண்டும் வேற வேற. பேர் மட்டும்தான் ஒண்ணு" என்றாள்.

ஒரே பேர்

அன்றைக்கு ராத்திரி முழுக்க எனக்குத் தூக்கம் வரவில்லை. பயம் ஒரு பக்கம். இன்னொரு பக்கம் அந்தச் சொல். நான் படிக்காதவள் இல்லை, தினமும் பேப்பர் படிக்கிறேன், பெயிண்டில் ஈயம் கலந்திருக்கிறது என்று எப்போதோ செய்தி கூடப் படித்திருக்கிறேன். படித்துவிட்டு அடுத்த பக்கத்தைத் திருப்பியிருக்கிறேன். ஏனென்றால் எனக்கு ஈயம் என்றால் பயப்படுகிற பொருளே இல்லை. சின்ன வயசில் தெருவில் ஈயம் பூசுகிறவர் வருவார். பித்தளைப் பாத்திரத்தை நெருப்பில் காட்டி, நவச்சாரம் போட்டுத் துணியால் ஒரு இழுப்பு இழுத்தால் உள்பக்கம் வெள்ளியாக மின்னும். பூசாத பாத்திரத்தில் புளிக்குழம்பு வைத்தால்தான் கெடுதல், பூசினால் காப்பு, அப்படித்தான் கேட்டு வளர்ந்தோம். ரசத்துக்கு ஈயச் சொம்பு. அதைத் தண்ணீர் இல்லாமல் அடுப்பில் வைத்துவிடக் கூடாது, 232 டிகிரியில் உருகிவிடும், என் மாமியார் ஒரு சொம்பை அப்படிப் பறிகொடுத்து அழுதிருக்கிறார். இதெல்லாம் வெள்ளீயம். குருசுக்குப்பத்தில் வலையின் ஓரத்தில் கோத்திருக்கிற ஈயக் குண்டு இருக்கிறதே, அது காரீயம். கார் என்றால் கறுப்பு. இரண்டையும் நாம் ஈயம் என்றே சொல்லிப் பழகிவிட்டோம். "ஈயத்தைப் பார்த்து இளித்ததாம் பித்தளை" என்கிற பழமொழியில் வருகிற ஈயம் எது என்று இதுவரை யாராவது கேட்டிருப்போமா?

பள்ளிக்கூடத்தில் இந்த இரண்டு பேரையும் படித்தோம், பரீட்சையில் எழுதினோம், வீட்டுக்கு வந்ததும் மறந்துவிட்டோம். அதனால்தான் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். செய்தி எழுதுகிறவர்கள், பெயிண்ட் டப்பாவில் தமிழில் அச்சடிக்கிறவர்கள், டாக்டர்கள், ஆசிரியர்கள் எல்லாரும் தயவுசெய்து காரீயம் என்று முழுசாக எழுதுங்கள், சொல்லுங்கள். ஒரு எழுத்து, இரண்டு எழுத்து மிச்சம் பிடித்து என்ன ஆகப் போகிறது? ஈயம் என்று எழுதினால் என்னைப் போல ஈயச் சொம்பு வைத்திருக்கிற வீட்டில் அது காதில் ஏறாது. காரீயம் என்று அன்றைக்கு மகள் முதலில் சொல்லியிருந்தால் என் கை அப்போதே நின்றிருக்கும் என்றுதான் நினைக்கிறேன். அவளைக் குறை சொல்லவில்லை. அவளுக்கும் வாயில் வந்தது எல்லாரும் சொல்கிற சொல்தான்.

காரீயத்தைப் பெயிண்டில் ஏன் சேர்த்தார்கள் என்று அப்புறம் மகள் விளக்கினாள். பளிச்சென்ற மஞ்சளுக்கும் ஆரஞ்சுக்கும் லெட் குரோமேட் என்கிற உப்பு. அதில் நீலத்தைக் கலந்தால் இலைப்பச்சை. எண்ணெய்ப் பெயிண்ட் சீக்கிரம் காய்வதற்கும் காரீயம் சேர்ந்த மருந்து ஒன்று போடுவார்கள். மழை வெயிலுக்குத் தாங்கும், நிறம் மங்காது, அதனால் எல்லாருக்கும் பிடித்திருந்தது. நம் நாட்டில் வீட்டுப் பெயிண்டில் காரீயம் பத்து லட்சத்தில் 90 பங்குக்கு மேல் இருக்கக் கூடாது என்று 2016-இல் விதி போட்டார்கள், அது நடைமுறைக்கு வந்தது 2017 நவம்பர் 1. பெட்ரோலில் காரீயத்தை 2000-இலேயே நிறுத்திவிட்டார்கள். பெயிண்டுக்கு இன்னும் பதினேழு வருஷம் ஆனது. என் கதவின் நாலு அடுக்குமே அந்தத் தேதிக்கு முன்னால் அடித்தது. உங்கள் வீட்டுக் கதவும், ஜன்னல் கம்பியும், கட்டிலும், அந்தத் தேதிக்கு முன்னால் அடித்ததா என்று ஒரு தடவை யோசித்துப் பாருங்கள்.

சுவரிலோ கதவிலோ அது உரியாமல் ஒட்டிக்கொண்டிருக்கிற வரை பெரிய ஆபத்து இல்லை. தூளாக்கினால்தான் ஆபத்து, நான் எட்டு நாள் செய்தது அதைத்தான். வயிற்றுக்குள் போன காரீயத்தைப் பெரியவர்களைவிடக் குழந்தையின் உடம்பு நாலைந்து மடங்கு அதிகமாக உறிஞ்சிக்கொள்ளும். எலும்பில் போய்த் தங்கினால் பல வருஷம் இருக்கும். மூளை வளர்கிற வயசில் அது செய்கிற கெடுதல் காய்ச்சல், வாந்தி மாதிரி வெளியே தெரியாது. குழந்தை ஓடி ஆடிக்கொண்டுதான் இருக்கும். இத்தனை வரைக்கும் பரவாயில்லை என்று சொல்லக் கூடிய அளவே கிடையாது என்கிறது உலக சுகாதார நிறுவனம். இதைக் கேட்ட பிறகு அந்த ஆட்டுக்கல் குழியைப் போய்ப் பார்த்தேன். அன்றைக்குக் காலையில்தான் அதில் பேரனுக்கு இட்லி மாவு ஆட்டலாம், கிரைண்டரைவிட மெத்தென்று வரும் என்று நினைத்திருந்தேன்.

மருமகன் ஆன்லைனில் ஒரு சோதனைக் குச்சி வாங்கி அனுப்பினார். அடுக்கு அடுக்காகத் தெரிகிற மாதிரி கதவின் ஓரத்தைச் சரிவாகக் கீறி, அதில் தடவிப் பார்க்க வேண்டும், காரீயம் இருந்தால் சிவக்கும். மஞ்சளிலும் பச்சையிலும் உடனே தெரியாது, ராத்திரி முழுக்க விட்டுப் பார்க்கச் சொல்லியிருந்தது. காலையில் எழுந்து பல்கூட விளக்காமல் போய்ப் பார்த்தேன். மஞ்சள் அடுக்கிலும் பச்சை அடுக்கிலும் ரோஜா நிறத்தில் ஒரு கோடு. ஒரு மாதத்துக்கு முன்னால் அதே கதவில் ஒரு சிவப்பைப் பார்த்துப் பதறினேன், அது மஞ்சள் கை பட்ட இடம். இந்தச் சிவப்பு துடைத்தால் போகிறது இல்லை.

துடைத்த மூன்று நாள்

சுத்தம் செய்வதற்கு மூன்று நாள் ஆனது. மகளையும் குழந்தையையும் முதலில் அவள் மாமியார் வீட்டுக்கு, விழுப்புரத்துக்கு அனுப்பிவிட்டோம். விளக்குமாற்றைத் தொடவே இல்லை, பெருக்கினால் தூள் எழும்பித் திரும்பப் படியும். சோப்புத் தண்ணீரில் துணியை நனைத்து, மேலேயிருந்து கீழே, மின்விசிறி இறக்கை, கிரில் கம்பி, ஜன்னல் திட்டு, சமையலறை அலமாரித் தட்டு, கடைசியில் தரை. துணி அழுக்கானால் அலசித் திரும்ப உபயோகிக்கவில்லை, பழைய வேட்டி, புடவையெல்லாம் கிழித்து வைத்துக்கொண்டு கவரில் போட்டுக் கட்டினோம். வெளியே இருந்த அரிசி, பருப்பு டப்பா எல்லாம் கழுவினோம். முறத்தை எறிந்துவிட்டேன், மூங்கில் இடுக்கில் போனதை எடுக்க முடியாது. என் வீட்டுக்காரர் ஒரு வார்த்தைகூட என்னைச் சொல்லவில்லை, முட்டி போட்டுத் துடைத்துக்கொண்டே இருந்தார். அவருக்கு முட்டி வலி உண்டு.

குழந்தை டாக்டர் ரத்தம் எடுத்து வெளியூர் ஆய்வுக்கூடத்துக்கு அனுப்பினார். ஒரு வாரம் கழித்து முடிவு வந்தது, ஒரு டெசிலிட்டர் ரத்தத்தில் காரீயம் 5 மைக்ரோகிராமுக்குக் கீழே. அந்த எண்ணைத் தாண்டினால் எங்கேயிருந்து வருகிறது என்று தேடி நிறுத்த வேண்டும் என்பது கணக்கு. டாக்டர் பயமுறுத்தவில்லை. வயிறு காலியாக விடாதீர்கள், இரும்புச்சத்தும் சுண்ணாம்புச்சத்தும் குறைந்தால் காரீயம் அதிகம் ஏறும், கேழ்வரகும் கீரையும் பேரீச்சையும் கொடுங்கள், மூன்று மாதம் கழித்து இன்னொரு தடவை பார்க்கலாம் என்றார். இரண்டாவது தடவையும் குறைவாகத்தான் இருந்தது. குறைவு என்கிற சொல்லில் எனக்கு இன்னும் முழு நிம்மதி வரவில்லை. என் தாழ்வாரத்துக்கு வராமல் இருந்திருந்தால் அந்த எண் இன்னும் குறைவாக இருந்திருக்குமா? அதை இனி யாராலும் சொல்ல முடியாது. ரத்தத்தில் இருந்த அது எங்கேயிருந்து வந்தது என்று எந்தச் சீட்டிலும் எழுதியிருக்காது.

இதற்கு நடுவில், எங்கள் தெருவுக்கெல்லாம் பெயிண்ட் அடிக்கிற அண்ணன் ஒருவரிடம் பேசினேன். முப்பது வருஷமாக இந்தத் தொழிலில் இருக்கிறார். "அந்தக் காலத்து டப்பா வெயிட்டா இருக்கும்மா, தூக்கினாலே தெரியும். நாங்க மூஞ்சியெல்லாம் தூளாத்தான் வீட்டுக்குப் போவோம், புள்ளைங்க ஓடி வந்து கட்டிக்கும்" என்றார். சொல்லிவிட்டுக் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். நான் ஐந்து கதவுகளுக்கே இவ்வளவு பதறுகிறேன். இவர் எத்தனை வீட்டுக் கதவுகளை, எத்தனை ஜன்னல்களைத் தேய்த்திருப்பார்? கூலிக்கு ஆள் வைத்துச் சுரண்டச் சொல்லுகிறவர்கள் அவர்களுக்கு ஒரு நல்ல முகமூடியாவது, என்95 மாதிரி, வாங்கிக் கொடுக்க வேண்டும். கைக்குட்டையில் ஒன்றும் நிற்காது. வேலை முடிந்ததும் குளித்து உடை மாற்றிவிட்டு வீட்டுக்குப் போக நம் வீட்டிலேயே ஒரு பக்கெட் தண்ணீர் கொடுக்கலாம்.

அப்புறம் அடித்த விதம்

தண்ணீரில் பிரிந்துபோன இரண்டு போக, மிச்சம் ஏழு கதவுகளை நான் அடி மரம் வரை தேய்க்கவில்லை. தேய்க்கவே தேவையில்லை என்பதுதான் விஷயம். பழைய பெயிண்ட் உரியாமல் கெட்டியாக ஒட்டிக்கொண்டிருந்தால் அதன் பளபளப்பு மட்டும் போனால் போதும், புதுப் பெயிண்ட் பிடித்துக்கொள்ளும். 220-ஆம் நம்பர் வாட்டர் பேப்பரைச் சோப்புத் தண்ணீரில் நனைத்து நனைத்து, ஈரமாகவே மெதுவாகத் தேய்த்தேன். தூள் பறக்காது, குழம்பு மாதிரி வழியும், அதை உடனே துணியில் ஒற்றி எடுத்துவிட வேண்டும். கீழே பிளாஸ்டிக் விரிப்பு. பிளைவுட் என்பதால் தண்ணீர் ஊற்றக் கூடாது, ஈரம் மட்டும். நிழலில் இரண்டு நாள் காயவிட்டு, ஆணி ஓட்டைக்கெல்லாம் பட்டி வைத்து, மர பிரைமர் ஒரு கோட், தண்ணீரில் கரைகிற எனாமல் இரண்டு கோட். எண்ணெய் எனாமல் வெள்ளையாக அடித்தால் வெளிச்சம் படாத சமையலறையில் பழுத்துவிடும், தண்ணீர் எனாமல் அவ்வளவு பழுக்காது, வாடையும் குறைவு. நாலு அங்குல ஸ்பாஞ்சு ரோலர், சட்டத்தின் பள்ளத்துக்கு மட்டும் ஒன்றரை அங்குல பிரஷ். கதவைப் படுக்கவைத்து, அடியில் நாலு மூலைக்கும் தண்ணீர் பாட்டில் மூடிகளைக் கொடுத்துவிட்டால் தரையில் ஒட்டாது. வெயிலில் வைக்கவே வைக்காதீர்கள், கொப்புளம் வரும். நாலு மணி நேரத்தில் அடுத்த கோட் அடிக்கலாம் என்று டப்பாவில் இருக்கும், கடல் காற்று அடிக்கிற ஊரில் நான் ஒரு ராத்திரி விட்டேன். தொட்டால் ஒட்டாது என்பது வேறு, இறுகுவது வேறு. முழுசாக இறுக மூன்று நாலு வாரம் ஆகும். பத்து நாள் கதவே இல்லாத சமையலறையில் சமைத்துவிட்டு, அப்புறம்தான் மாட்டினேன். அதற்கப்புறமும் ஒரு மாதம் அழுத்தித் துடைக்கவில்லை.

இன்னொன்று, இதை யாரும் சொல்ல மாட்டார்கள். கதவு சட்டத்தில் உரசுகிற ஓரம். மேலே எத்தனை கோட் அடித்து மூடினாலும், உரசுகிற இடத்தில் அது தேய்ந்து, அடியில் இருக்கிற பழையது தூளாக விழும். அதனால் கீலைச் சரி செய்து எல்லாக் கதவுக்கும் நூல் அளவு இடைவெளி விட்டு மாட்டினேன், மோதுகிற மூலையில் சின்ன ரப்பர் பொத்தான் ஒட்டினேன். ஐப்பசி மழையில் மரம் ஊறிப் பருக்கும், அப்போது திரும்ப உரசும், அதைப் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். இந்த வருஷம் மூன்றாவது கதவு உரசியது. இழைப்புளியை எடுக்கப் போனார் வீட்டுக்காரர், நான் தடுத்துவிட்டுக் கீலை மட்டும் மாற்றிப் பார்த்தேன். சரியாகிவிட்டது.

தண்ணீரில் ஏடு ஏடாகப் போன இரண்டு கதவுகளுக்குப் பதிலாகப் புதுசாகச் செய்து மாட்டிவிட்டோம். பழைய இரண்டும் தார்ப்பாயில் சுற்றி மாடிப்படிக்குக் கீழே கிடக்கின்றன. குப்பை வண்டியில் கொடுத்தால் யாராவது எடுத்துப்போய் எரிப்பார்கள் என்று கொடுக்கவில்லை. பெயிண்ட் அடித்த பழைய மரத்தை அடுப்பில் வைத்தால் காரீயம் புகையிலும் சாம்பலிலும் வந்துவிடும், அந்தச் சாம்பலில் பாத்திரம் தேய்க்கிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். போன வாரம் பின் வீட்டு அம்மா மதில்மேல் எட்டிப் பார்த்து, "அந்த ரெண்டு கதவு சும்மாதானே கெடக்குது, வெந்நீர் அடுப்புக்குக் குடேன்" என்று கேட்டார். அவர் வீட்டிலும் இரண்டு பேத்திகள். காரணத்தைச் சொன்னேன். "ஈயம்னா பாத்திரத்துக்குப் பூசறதுதானே?" என்றார். கொஞ்சம் இருங்கம்மா என்று உள்ளே போய் என் ஈயச் சொம்பை எடுத்து வந்து மதில்மேல் வைத்து, வெள்ளீயத்தையும் காரீயத்தையும் முதலிலிருந்து சொன்னேன். பொறுமையாகக் கேட்டுக்கொண்டார். எங்கள் மரத்துத் தென்னை மட்டை ஏழெட்டுக் காய்ந்து கிடந்தது, வெந்நீருக்கு அதைத் தூக்கிக் கொடுத்தேன்.